காருக்கு ஐம்பது, ஸ்கூட்டருக்கு ஐந்து

திருவள்ளூரில் சிட்ரோயன் கார்கள் தயாராகின்றன. 1998இல் மிட்சுபிஷி லான்சர் காருக்காக இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொடங்கிய ஆலை அது. கும்மிடிப்பூண்டி வட்டம் தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் மிஷ்லின் நிறுவனம் லாரி, பேருந்து டயர் செய்கிறது. வண்டி செய்யும் இந்த மாவட்டத்தில், ஷிப்ட் முடித்தவர் வீடு போய்ச் சேர வண்டி கிடைப்பதுதான் பெரும்பாடு.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு வெளியே நின்று பார்த்தால் தெரியும். புறநகர் ரயில் வந்து நின்றதும் "சிப்காட், சிப்காட்" என்று ஷேர் ஆட்டோக்காரர்கள் கூவுகிறார்கள். பின்னால் இடம் நிறைந்து, டிரைவரின் இரு பக்கமும் ஆள் ஒட்டிக்கொண்ட பிறகே ஆட்டோ நகரும். பெரிய கம்பெனிக்காரர்களுக்குக் கம்பெனி பஸ் உண்டு. உருட்டாலையிலும் வார்ப்பாலையிலும் ஒப்பந்தக் கூலிக்கு வேலை பார்ப்பவருக்கு அந்த வசதி பெரும்பாலும் கிடையாது. இரவு பத்து மணிக்கு பி ஷிப்ட் விட்டால் கேட்ட பணத்தைக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் நடக்க வேண்டும். நள்ளிரவில் வீட்டில் ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் நிலைமை இன்னும் மோசம். மாதத்தில் நாலைந்து தடவை மட்டுமே தேவைப்படும் காருக்காக ஆயுள் முழுக்கத் தவணை கட்ட எந்தத் தொழிலாளியால் முடியும்?

இந்தக் கேள்விக்கு உலகில் சில ஊர்கள் கூட்டுறவு முறையில் விடை கண்டிருக்கின்றன. சுவிட்சர்லாந்தின் ஸ்டான்ஸ் என்ற சிற்றூரில் 1987இல் எட்டுப் பேர் சேர்ந்து ஒரே ஒரு காரைப் பொதுவில் வைத்துக்கொண்டார்கள். அதே ஆண்டு சூரிச்சிலும் இன்னொரு சங்கம் தோன்றியது. 1997இல் இரண்டும் இணைந்து 'மொபிலிட்டி' கூட்டுறவு ஆனது. இன்று அதனிடம் இருப்பவை ஏறக்குறைய 3,000 வண்டிகள். கனடாவின் வான்கூவரில் இன்று 'மோடோ' எனப்படும் சங்கம் 1997இல் 16 உறுப்பினர்களோடும் இரண்டு கார்களோடும் தொடங்கியது. உறுப்பினர் பங்குத்தொகை கட்டுகிறார், தேவைப்படும் நேரத்துக்கு முன்பதிவு செய்கிறார், ஓட்டிய நேரத்துக்கும் தூரத்துக்கும் பணம் தருகிறார். காப்பீடு, சர்வீஸ், வரி எல்லாம் சங்கத்தின் பொறுப்பு.

தோற்ற கதையும் உண்டு. பிரான்சின் மோன்பெலியே நகரில் 1971இல் 'புரோகோடிப்' என்ற கூட்டுறவு 35 கார்களை இறக்கியது. வண்டியில் வில்லையைப் போட்டு ஓட்டிக்கொண்டு போய், வேறொரு நிறுத்தத்தில் விட்டுவிடலாம். கருவிகள் பழுதாகி, இரண்டே ஆண்டில் கதை முடிந்தது. எடுத்த இடத்திலேயே வண்டியைக் கொண்டுவந்து விடுவது என்ற எளிய விதியோடு தொடங்கிய சங்கங்கள்தான் பெரும்பாலும் நிலைத்தன.

இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் எப்போதும் உண்டு. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கார் வேண்டும் என்றால் பகிர்வு நடக்காது. கும்மிடிப்பூண்டியிலோ ஏ, பி, சி என்று மூன்று ஷிப்ட். ஒருவர் ஆலைக்குள் இருக்கும் நேரம் இன்னொருவருக்கு ஓய்வு நேரம். ஒரே காரைப் பல குடும்பங்கள் மாற்றி மாற்றி எடுக்க இதைவிட வாகான ஊர் அமையாது.

ஆனால் சட்டம் குறுக்கே நிற்கிறது. ஓட்டுநர் இல்லாமல் காரை வாடகைக்கு விட 1989ஆம் ஆண்டின் மத்திய அரசுத் திட்டப்படி உரிமம் வேண்டும். அதற்குக் குறைந்தது ஐம்பது கார்கள் இருக்க வேண்டும், அதில் பாதி ஏ.சி. கார்களாக இருக்க வேண்டும் என்கிறது விதி. ஸ்டான்ஸ் ஊரின் எட்டுப் பேர் இங்கே பிறந்திருந்தால் சங்கமே தொடங்கியிருக்க முடியாது. 'நம்ம ஆட்கள்தானே' என்று சொந்தக் காரைக் காசுக்குக் கொடுப்பதும் ஆபத்து. வாடகைக்கு ஓடிய தனியார் காருக்கு விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கலாம். மொத்தச் சுமையும் உரிமையாளர் தலையில் விழும். பெரிய முதலாளியை மனத்தில் வைத்து எழுதிய விதி இது, உழைக்கும் மக்களின் சங்கத்தை நினைத்து எழுதியதல்ல.

இரு சக்கர வண்டிக்கு மட்டும் வழி திறந்திருக்கிறது. 1997ஆம் ஆண்டின் வாடகை மோட்டார் சைக்கிள் திட்டத்தில் ஐந்து வண்டிகள் இருந்தாலே உரிமம் கேட்கலாம். கோவாவில் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்தோடு ஓடும் ஸ்கூட்டர்கள் இந்த வழியில் வந்தவைதான். பேட்டரியில் ஓடும் வாடகை வண்டிகளுக்கு 2018 முதல் பெர்மிட் தேவையில்லை என்பது கூடுதல் சலுகை.

கூட்டுறவு அமைப்பு ஒன்றும் நமக்குப் புதிதல்ல. 1904இல் தொடங்கிய திருவல்லிக்கேணி கூட்டுறவுச் சங்கம் இன்றும் காமதேனு அங்காடிகளை நடத்துகிறது. கிராமங்களில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு கடன் சங்கங்கள் டிராக்டரை வாடகைக்கு விடுகின்றன. பல ஆலைகளில் பணியாளர் சிக்கன நாணயச் சங்கம் இருக்கிறது. 'சொசைட்டி லோன்' போட்டு பைக் வாங்கியவர்கள் ஏராளம். அந்தச் சொசைட்டியே ஏன் வண்டி வைத்திருக்கக் கூடாது? பேரவையைக் கூட்டித் துணைவிதியைத் திருத்தி, பதிவாளரின் ஒப்புதல் பெற வேண்டும். ஸ்டேஷன் அருகே பூட்டிய நிறுத்துமிடம், சாவிக்குப் பொறுப்பாக ஓர் ஆள், வண்டிக்கு இரண்டு ஹெல்மெட், கையெழுத்துப் போட ஒரு நோட்டு: தொடக்கத்துக்கு இவ்வளவு போதும். வசூலில் ஒரு பங்கை டயருக்கும் பேட்டரிக்கும் தனியாக எடுத்து வைக்கத் தவறினால் மூன்றாவது ஆண்டில் சங்கம் படுத்துவிடும். இரவு ஷிப்டுக்குப் போகும் பெண்களுக்கு முன்பதிவில் முதல் இடம் தர வேண்டும்.

ஐம்பது கார் என்ற வரம்பைப் பதிவுபெற்ற கூட்டுறவுச் சங்கங்களுக்காவது ஐந்தாகக் குறைக்க மத்தியப் போக்குவரத்து அமைச்சகத்தால் முடியும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 75ஆம் பிரிவு அந்த அதிகாரத்தைத் தந்திருக்கிறது. தமிழக அரசும் தொழிற்சங்கங்களும் இதை எழுதிக் கேட்க வேண்டும். அதுவரை காத்திருக்காமல், சிப்காட்டின் ஏதாவது ஒரு சொசைட்டி அடுத்த பேரவைக் கூட்டத்திலேயே ஐந்து ஸ்கூட்டருக்கான தீர்மானத்தைக் கொண்டுவரட்டும்.