ஆமைப் பெட்டியில் விளக்கா? உஷார்!

2019 கிறிஸ்துமஸ் நாள். இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பகுதியில், டட்டன் ஹில் என்ற சிற்றூரில் ஒரு வீடு தீப்பிடித்தது. காரணம், 45 வயது ஆமை! பெட்டிக்குள் இருந்த வெப்ப விளக்கை அது தட்டிவிட, படுக்கையாகப் பரப்பியிருந்த பொருளின் மேல் விளக்கு விழுந்து பற்றிக்கொண்டது. தீயணைப்பு வீரர்கள் ஆமையைப் பத்திரமாக மீட்டார்கள். செய்தி வேடிக்கையாகத்தான் உலகம் சுற்றியது. ஆனால் ஆமை வளர்ப்பவர்களுக்கு இது சிரிக்கிற விஷயமில்லை. அதே மாதிரி விளக்கு அவர்கள் வீட்டிலும் தினமும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எரிகிறது.

லண்டனிலோ டொரன்டோவிலோ பிள்ளை கேட்கிறதே என்று ஹெர்மன், ஹார்ஸ்ஃபீல்ட் வகை ஆமை வாங்க நினைப்பவர்களுக்குத்தான் இந்த எச்சரிக்கை. (தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு வேறு உஷார்: நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பதே 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். விளக்குப் பேச்சுக்கே அங்கே இடமில்லை.)

முதலில் கிளிப். மலிவு விளக்குகளோடு வரும் அந்த ஸ்பிரிங் கிளிப்பை நம்பவே நம்பாதீர்கள். ஆமை மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் எதிரே இருப்பதைச் சுற்றிப் போகாது, முட்டித் தள்ளிக்கொண்டே போகும். சூட்டில் ஸ்பிரிங் தளரும், பலகை அதிரும், ஒருநாள் விளக்கு சரியும். கீழே காய்ந்த வைக்கோலும் மரத்தூளும் இருந்தால் கேட்கவே வேண்டாம். விளக்கைச் சங்கிலி போட்டு மேலே தனியாக ஒரு கொக்கியில் தொங்கவிடுங்கள். அந்த அறையில் புகை அலாரம் இருக்கிறதா, அதில் பேட்டரி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

செராமிக் ஹீட்டர் இன்னும் மோசமான ஆசாமி. துளி வெளிச்சம் வராது. எரிகிறதா இல்லையா என்றே தெரியாது. ஆனால் அதன் மேற்பரப்பு 200 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடியது. சாதாரண பிளாஸ்டிக் ஹோல்டரில் மாட்டினால் ஹோல்டர் உருகும். பீங்கான் ஹோல்டர் கட்டாயம். தெர்மோஸ்டாட்டும் கட்டாயம். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது: சென்சார் வயரை ஆமை காலால் இழுத்து ஓரத்துக்குத் தள்ளிவிட்டால், தெர்மோஸ்டாட்டுக்குக் குளிர் மட்டுமே தெரியும்; ஹீட்டரை அது நிறுத்தவே நிறுத்தாது. ஆமை வேகும். வயரை இறுக்கிக் கட்டுங்கள்.

அடியிலிருந்து சூடேற்றும் ஹீட் மேட், சூடாகும் கல் எல்லாம் வேண்டவே வேண்டாம். வெயில் தாங்காவிட்டால் மண்ணைத் தோண்டி உள்ளே போவது ஆமையின் இயல்பு. மேட் போட்ட பெட்டியில் அது தோண்டத் தோண்டச் சூடு ஏறும். அடி ஓடு தோசைக்கல்லில் வைத்தது போல் வெந்துபோகும்.

வீடு எரியாமலே ஆமையைக் கொல்லும் ஆபத்தும் இருக்கிறது. வெப்பம் மட்டும் போதாது, யுவிபி என்ற புற ஊதாக் கதிரும் வேண்டும். அது தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உண்டாகும். டி3 இருந்தால்தான் தின்ற கால்சியம் உடம்பில் சேரும். இல்லாவிட்டால் எலும்பு நோய் வரும்: ஓடு மெத்தென்று ஆகும், கால் வளையும், நடை தள்ளாடும். ‘ஃபுல் ஸ்பெக்ட்ரம்’ என்று அட்டையில் போட்டு விற்கும் சாதாரண எல்.ஈ.டி. பல்பில் யுவிபி கிடையாது. ஜன்னலோரம் வைத்தேனே என்பதும் பலிக்காது. கண்ணாடி யுவிபியைத் தடுத்துவிடும்.

யுவிபிக்கு நீளமான ட்யூப்தான் நல்லது. சுருள் வடிவச் சின்ன பல்பு ஒரு கையகல இடத்துக்கு மேல் சரியாக எட்டாது. 2000களில் வந்த சில ரகங்கள் ஆமை, பல்லிகளின் கண்ணையே புண்ணாக்கின. ட்யூப்பிலும் ஏமாறாதீர்கள். வெளிச்சம் அப்படியே இருக்கும், யுவிபி மட்டும் சத்தமில்லாமல் குறைந்துகொண்டே வரும். மாட்டிய தேதியை ட்யூப்பின் ஓரத்திலேயே மார்க்கரால் எழுதிவையுங்கள். தயாரிப்பாளர் சொன்ன கெடு, பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம், முடிந்ததும் எரிந்தாலும் கழற்றிவிடுங்கள்.

மெர்குரி வேப்பர் பல்பு வெப்பம், வெளிச்சம், யுவிபி மூன்றையும் ஒன்றாகத் தரும். ஆனால் அதை டிம்மர் வகைத் தெர்மோஸ்டாட்டில் மாட்டக் கூடாது. சூட்டைக் கூட்டக் குறைக்க உயரத்தை மாற்றுவதுதான் வழி. சின்னப் பெட்டிக்கு அது ஆகாது.

இரவில் சிவப்பு பல்பு போடச் சொல்லும் கடைக்காரர் பேச்சையும் கேட்காதீர்கள். ஆமைக்குச் சிவப்பு நன்றாகவே தெரியும், தூக்கம்தான் கெடும். அதற்கு இருட்டு வேண்டும்.

பகலில் சூடு எவ்வளவு வேண்டும்? விளக்குக்கு நேர் கீழே, ஆமை ஓட்டின் உயரத்தில், 32 முதல் 35 டிகிரி செல்சியஸ். மறுகோடியில் 20 முதல் 22. இந்த இரண்டும் இருந்தால்தான் ஆமை தனக்கு வேண்டிய சூட்டைத் தேடிப் போகும். சுவரில் ஒட்டும் ஸ்டிக்கர் தெர்மாமீட்டர் சுவரின் சூட்டைத்தான் காட்டும், டிஜிட்டல் வாங்குங்கள்.

ஆமைக்கு முன்னால் விளக்கை வாங்குங்கள். காலிப் பெட்டியில் ஒரு வாரம் எரியவிட்டு, காலையிலும் மாலையிலும் அளந்து பாருங்கள். அளவு சரியாக வராதவரை ஆமை கடையிலேயே இருக்கட்டும்.