நாகசாகியின் சாப்பாடு சொல்லும் கதை

வகுப்பில் ‘நாகசாகி’ என்று சொல்லிப் பாருங்கள். “அணுகுண்டு போட்ட ஊருதானே, டீச்சர்?” என்று கேட்பார்கள். 1945 ஆகஸ்ட் 9 மறக்கக்கூடாத நாள்தான். ஆனால், ஓர் ஊரை அதன் துயரத்தால் மட்டும் மாணவர் அறிந்தால் போதுமா? அவ்வூர் மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்க வைத்தால், நானூறு ஆண்டுக் கதை கிடைக்கும்.

நாகசாகி, கியூஷூ தீவின் துறைமுக நகரம். 1571இல் அங்கே போர்த்துகீசிய வணிகம் தொடங்கியது. கோவா, மலாக்கா, மக்காவ் வழியாகக் கப்பல்கள் வந்தன. அவர்களிடமிருந்து கற்றதுதான் ‘கஸ்தெரா’ கேக். முட்டை, சீனி, மாவுதான் முக்கியம், வெண்ணெய் சேர்ப்பதில்லை. முட்டையை நன்றாக நுரைக்க அடிப்பதால்தான் அது உப்பி வருகிறது.

பிறகு ஜப்பான் கதவை அடைத்தது. 1641 முதல் டச்சுக்காரர்கள் நாகசாகியின் தெஜிமா என்ற சிறு செயற்கைத் தீவில் மட்டும் தங்க முடிந்தது. அவர்களுடைய கப்பல்களில் ஜாவாவிலிருந்து சீனி வந்தது. உள்ளூர்ச் சமையலிலும் கலந்தது. சாப்பாட்டில் இனிப்பு குறைந்தால், “நாகசாகி தூரமா இருக்கே” என்று சொல்லும் வழக்கு இன்றும் உண்டு. மரபுத்தொடர் பாடத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு!

சீனர்களும் இங்கே வணிகம் செய்தார்கள். ‘சம்பொன்’ அவர்கள் வழி வந்தது. ஃபூஜியனிலிருந்து வந்த சென் பிங்ஷுன் 1899இல் ‘ஷிகாய்ரோ’ என்ற உணவகத்தைத் திறந்தார். சீன மாணவர்கள் குறைந்த காசில் வயிறார உண்ண இதைச் சமைத்தார் என்பார்கள். பன்றி இறைச்சி, இறால், கணவாய், முட்டைக்கோஸ், பயற்று முளை ஆகியவற்றை வதக்கி, எலும்புச் சாறு ஊற்றி, அதிலேயே தடித்த மீயை வேகவைப்பார்கள். ஜப்பானிய மொழியில் ‘சம்பொன்’ என்றால் பலவற்றைக் கலப்பது என்றும் பொருள்.

வகுப்பில் என்ன செய்யலாம்? ரொட்டிக்கு ஜப்பானியர் ‘பான்’ என்பார்கள். இலங்கைத் தமிழர் ‘பாண்’ என்பார்கள். இரண்டும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தவை. நம் ஜன்னல், அலமாரி, சாவி ஆகியவையும் அப்படித்தான். மலாயில் ‘ஜெண்டேலா’, ‘அல்மாரி’ இருக்கின்றனவே! மூன்று மொழிக்கும் ஓர் அட்டவணை போடச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி: “வெளியிலிருந்து வந்த உணவு எப்போது நம்ம ஊர்ச் சாப்பாடு ஆகிறது?” விடையை நீங்கள் சொல்லாதீர்கள். வீட்டில் பாட்டியிடம் கேட்டு வரட்டும்.