தீக்கு இரை மறுப்போர்

தீ எரிய வெப்பம், ஆக்சிஜன், எரிபொருள் ஆகிய மூன்றும் வேண்டும். காட்டுத்தீக்கு எரிபொருள் கிட்டாமல் செய்வதே புல்டோசர் ஓட்டுநரின் பணி. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், காட்டுத்தீப் பருவத்திற்கென்றே இவர்களுள் பலர் பணியமர்த்தப்படுகின்றனர். தீ பரவும் திசையிலுள்ள புதர்களையும் சருகுகளையும் அகற்றி, வெறும் மண் தெரியும்வரை நிலத்தைச் சுரண்டித் தீத்தடுப்புக் கோடு அமைக்கின்றனர். அங்கு எரிவதற்கு ஏதுமின்றித் தீ தணிகிறது. எனினும், காற்றில் பறக்கும் தீப்பொறிகள் அதனைத் தாண்டக்கூடும். ஆகவே, தப்பிச்செல்லும் வழியை வகுத்த பின்னரே பணி தொடங்க வேண்டும். மலைச்சரிவும் இடர் நிறைந்தது. 2016 ஆம் ஆண்டு சோபரானஸ் காட்டுத்தீயின்போது புல்டோசர் கவிழ்ந்து ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார். தீ அணைந்தபின், மழைநீர் மண்ணை அரிக்காதவாறு கோட்டின் குறுக்கே சிறு கரைகள் எழுப்பப்படுகின்றன. காட்டைக் காக்கக் கீறிய நிலத்தைச் சீர்செய்தாலன்றி அப்பணி நிறைவுறாது.