கோதுமை மாவு ஏன் காத்திருக்க வேண்டும்?

முழுக்கோதுமை மாவில் வீட்டிலேயே ரொட்டி சுட்டுப் பார்த்திருக்கிறீர்களா? மைதா ரொட்டி பஞ்சு போல உப்பும். அதே அளவு ஈஸ்ட் சேர்த்த கோதுமை ரொட்டியோ செங்கல்லாக வந்து நிற்கும். பெரும்பாலும் குறை மாவில் இல்லை, நம் அவசரத்தில் இருக்கிறது.

ரொட்டி உப்புவதற்கு ஈஸ்ட் வெளியிடும் கரியமில வாயு மட்டும் போதாது. அதைப் பிடித்து வைக்க ஒரு வலையும் வேண்டும். குளூட்டெனின், கிளியாடின் என்னும் இரு புரதங்கள் நீரை ஏற்று, ஒன்றோடொன்று பின்னி, குளூட்டன் என்ற மீள்தன்மையுள்ள வலையாகின்றன. மைதாவில் இது விரைவில் நடந்துவிடும். முழுக்கோதுமையிலோ எடையில் ஏறத்தாழ 14 சதவீதம் தவிடு. அது நீரை நிறையக் குடிக்கும். ஆனால் மெதுவாகக் குடிக்கும்.

ஏன் மெதுவாக? ஒரு துகளின் உள்ளே நீர் பரவுவதற்கான நேரம் அதன் பருமனின் வர்க்கத்திற்கேற்பக் கூடுகிறது. ஒரே பொருளாலான இரு துகள்களில் ஒன்று 0.1 மில்லிமீட்டர், மற்றது 0.5 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். பெரியதற்கு ஐந்து மடங்கு நேரமன்று, 25 மடங்கு நேரம் ஆகும்! தவிட்டுத் துகள்கள் பருத்தவை. நனையாத நிலையில் அவற்றின் கூரிய விளிம்புகள் குளூட்டன் இழைகளை அறுத்தும் விடுகின்றன.

பிரெஞ்சு ரொட்டிக் கலை வல்லுநர் ரேமோன் கால்வெல் 1974-இல் ஒரு முறையைப் புகுத்தினார். மாவையும் நீரையும் மட்டும் கலந்து சும்மா விட்டுவிடுவது. ஆட்டோலிஸ் என்பது அதன் பெயர். பிசையாமலேயே வலை பின்னத் தொடங்கும். மாவிலுள்ள நொதிகள் அதைச் சற்று நெகிழ்த்தும். மாப்பொருளைச் சர்க்கரையாக்கி ஈஸ்டுக்கு இரையும் தரும். உப்பு வலையை இறுக்குவதால் அது பிறகுதான். (சப்பாத்தி மாவை ஈரத்துணியால் மூடி வைக்கும் வீடுகளுக்கு இதில் பாதி முன்பே தெரியும்.)

500 கிராம் மாவில் 375 மில்லிலிட்டர் நீரூற்றி, உலர்ந்த மாவு தெரியாதவரை கிளறி, ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். பின்னர் 10 கிராம் உப்பும், சிறிது நீரில் கரைத்த ஈஸ்டும் சேர்த்துப் பிசையுங்கள். கல்லில் அரைத்த மாவில் மாப்பொருள் மணிகள் மிகவும் சிதைந்திருக்கும். அது இன்னும் கொஞ்சம் நீர் கேட்கும்.

சத்தின் கணக்கு வேறு. தவிட்டிலுள்ள இரும்பையும் துத்தநாகத்தையும் ஃபைட்டிக் அமிலம் பிணைத்து வைத்து, உடலில் சேரவிடாமல் தடுக்கிறது. அப்பிணைப்பை உடைக்கும் ஃபைட்டேஸ் நொதி கோதுமையிலேயே உண்டு. ஆனால் ஒரு மணி நேரத்தில் அது பெரிதாக ஒன்றும் சாதிக்காது. சற்றே அமிலத்தன்மை இருந்தால்தான் அது சுறுசுறுப்பாகும். எனவே சத்து வேண்டுவோர் முந்திய நாளின் புளித்த மாவில் ஒரு பிடி சேர்த்து, பல மணி நேரம் விடுவதே நல்லது.

வெறும் மாவை இரவு முழுதும் ஊறவிடுவதானால் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். சித்திரைப் புழுக்கத்தில் வெளியே வைத்தால் நொதிகள் வலையையே தின்றுவிடும். காலையில் மாவு கூழாகிக் கையில் ஒட்டும்.