பொருத்தப்படாத உறுப்புகள்

பாகூரிலோ வில்லியனூரிலோ ஒரு மாணவர் நியூக்ளியோ எஃப்401ஆர்இ என்னும் நுண்கட்டுப்படுத்திப் பலகையை வாங்குகிறார். எக்ஸ்3 என அச்சிடப்பட்ட இடம் வெறுமையாய் உள்ளது. பலகை பழுதென்று திருப்பியனுப்ப எண்ணுகிறார். பழுதன்று. சுற்றுப்படங்களில் ‘டிஎன்பி’, ‘டிஎன்எஃப்’, ‘என்எம்’ எனக் குறிப்பர்; பொருள் ஒன்றே: இடமுண்டு, உறுப்பு பொருத்தப்படவில்லை.

எக்ஸ்3 படிக அலையியற்றிக்குரிய இடம். அஃது இல்லாமலே பலகை இயங்குவது எவ்வாறு? அதே பலகையின் எஸ்டி-லிங்க் பகுதி, எஸ்பி16, எஸ்பி50 என்னும் பற்றாசுப் பாலங்களின் வழியே 8 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை அனுப்புகிறது. தனிப் படிகம் வேண்டுவோர் அதனைமட்டும் பற்றவைத்தல் போதாது. சி33, சி34 மின்தேக்கிகளும் ஆர்35, ஆர்37 மின்தடைகளும் வெற்றிடங்களே. அவற்றையும் நிரப்பி, அப்பாலங்களை நீக்குதல் வேண்டும். நீக்க மறந்தால் ஒரே முனையில் இரண்டு துடிப்புகள் மோதும். அப்போதுதான் பலகை உண்மையிலேயே பழுதுபட்டதுபோல் நடந்துகொள்ளும்.