தூது போனவர்களும் வாசலில் நின்றவர்களும்



நாடுகளுக்கிடையே புரிதல் வளரப் பண்பாட்டுப் பரிமாற்றம் உதவும் என்பதை யாரும் மறுப்பதில்லை. நாமும் மறுக்கவில்லை. ஒரு நாட்டின் பாட்டைக் கேட்டவருக்கு அந்த நாட்டின்மேல் குண்டு போட மனம் வராது என்றொரு நம்பிக்கை இருக்கிறது. அது முழு உண்மையாக இல்லாவிட்டாலும் கெட்ட நம்பிக்கை அல்ல. ஆனால் ஒடுக்கப்பட்டவர்களின் இலக்கிய மேடையில் நின்று இதைப் பேசும்போது நாம் இன்னும் ஒரு படி உள்ளே போக வேண்டியிருக்கிறது. ஒரு நாடு தன் பண்பாடு என்று எதை வெளியே அனுப்புகிறது? யார் தோளில் ஏற்றி அனுப்புகிறது? போய் வந்தவர் வீடு திரும்பியதும் எந்த வாசல்வரை அவரை வர விடுகிறது?

கலைஞரைத் தூது அனுப்புவது நமக்குப் புதிதல்ல. அதியமான் தொண்டைமானிடம் ஔவையைத் தூது அனுப்பிய செய்தி புறநானூற்றில் இருக்கிறது. அரசனின் அவையில் உரிமையோடு உட்கார்ந்து பாடிய பாணர் மரபு, பின்னொரு காலத்தில் தீண்டத்தகாதவர் வரிசையில் தள்ளப்பட்டதையும் நாம் அறிவோம். திருப்பாணாழ்வார் காவிரிக் கரையிலேயே நின்று அரங்கனைப் பாடினார் என்றுதான் வைணவ மரபே சொல்கிறது. தூதுக்கும் தீட்டுக்கும் இடையிலான தூரம் அவ்வளவுதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு, இருபதாம் நூற்றாண்டில் இந்த முரண் மிகத் தெளிவாகத் தெரிந்த ஓர் இடத்துக்குப் போவோம்: அமெரிக்க அரசு தன் கறுப்பின இசைக்கலைஞர்களை உலகமெங்கும் அனுப்பிய கதை.

இரண்டாம் உலகப்போர் முடிந்து பனிப்போர் தொடங்கிய காலம். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் காலனிகள் ஒவ்வொன்றாக விடுதலை பெற்றுக்கொண்டிருந்தன. ஜனநாயகத்தின் காவலன் தானே என்று அமெரிக்கா இந்தப் புதிய நாடுகளிடம் சொல்லும்போதெல்லாம், உங்கள் தென் மாநிலங்களில் கறுப்பர்களை மரத்தில் தொங்கவிடுகிறீர்களே என்று சோவியத் பத்திரிகைகள் கேட்டன. பதில் சொல்ல முடியவில்லை. பள்ளிகளில் நிறப்பிரிவினையை எதிர்த்த வழக்கு உச்சநீதிமன்றத்தில் நடந்தபோது, இந்தப் பிரிவினை நம் வெளியுறவைக் கெடுக்கிறது என்று அமெரிக்க நீதித்துறையே 1952-இல் எழுதிக் கொடுத்தது. 1954-இல் தீர்ப்பு வந்தது. அறம் சொன்னபோது அசையாதவர்கள் மானம் போகிறது என்றதும் அசைந்தார்கள் என்று நாம் சொன்னால் அது மிகையாகாது.

இதில் நமக்குத் தொடர்புடைய ஒரு சம்பவம் உண்டு. 1955 ஆகஸ்டில் அமெரிக்காவுக்கான இந்தியத் தூதர் ககன்விகாரி மேத்தா, ஹூஸ்டன் விமான நிலைய உணவகத்தில் உட்கார்ந்தார். தோலின் நிறத்தைப் பார்த்தவர்கள் அவரைத் தனி அறைக்குப் போகச் சொன்னார்கள். விஷயம் வெளியே வந்ததும் வெளியுறவு அமைச்சர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸே வருத்தம் தெரிவித்தார். அந்த வருத்தத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஆள் தெரியாமல் அவமதித்துவிட்டோம் என்பதுதான் அதன் பொருள். தனி அறை எதற்கு என்பதற்கு அதில் பதிலில்லை. ஊருக்கு வந்த கலெக்டர் தலித் என்று தெரியாமல் டீக்கடையில் தனிக் குவளையில் கொடுத்துவிட்டுப் பிறகு கையைப் பிசைகிறவரை நமக்குத் தெரியும். தனிக் குவளை அதே ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருக்கும்.

அந்த ஆண்டு ஏப்ரலில் பாண்டுங்கில் ஆசிய ஆப்பிரிக்க மாநாடு நடந்தது. ஹார்லெம் தொகுதியின் கறுப்பின நாடாளுமன்ற உறுப்பினர் ஆடம் கிளேட்டன் பவல், அரசு விரும்பாவிட்டாலும் தன் விருப்பத்தில் அங்கே போனார். ஐரோப்பியப் பாணி பாலேயையும் சிம்பொனியையும் அனுப்புவதைவிட ஜாஸ் இசையை அனுப்புங்கள் என்பது பிறகு அவர் முன்வைத்த யோசனை. 1956-இல் டிஸ்ஸி கில்லெஸ்பியின் பெரிய இசைக்குழு அரசுச் செலவில் கிளம்பியது. ஈரான், பாகிஸ்தான், லெபனான், சிரியா, துருக்கி, கிரீஸ் என்று போனார்கள். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாசித்த குழு. டிராம்போன் வாசித்த மெல்பா லிஸ்டன் என்ற கறுப்பினப் பெண்ணும் அதில் இருந்தார்.

புறப்படும் முன் வெளியுறவுத் துறை அதிகாரிகள், வெளிநாட்டில் நிறப்பிரச்சினை பற்றிக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று கில்லெஸ்பிக்குப் பாடம் எடுக்க விரும்பினார்கள். அவர் போகவில்லை. முந்நூறு ஆண்டுகளாக எங்களுக்கு அந்தப் பாடம் நடந்துகொண்டுதான் இருக்கிறது என்ற பொருளில் பின்னாளில் அதை நினைவுகூர்ந்தார். அங்காராவில் நடந்ததும் பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. பெரிய மனிதர்களுக்கு மட்டும் அழைப்பிதழ் கொடுத்த தோட்டக் கச்சேரி. வேலிக்கு வெளியே தெருப் பிள்ளைகள் எட்டிப் பார்க்க, காவலர்கள் அவர்களை விரட்டினார்கள். அந்தப் பிள்ளைகளை உள்ளே விடும்வரை வாசிக்க மாட்டேன் என்று கில்லெஸ்பி நின்றுவிட்டார். விட்டார்கள், வாசித்தார். நம்மைப் பொறுத்தவரை அந்தப் பயணத்தின் உண்மையான தூது அந்த வேலியடியில்தான் நடந்தது. வேலிக்கு வெளியே நிற்பது என்னவென்று தெரிந்தவருக்குத்தான் வேலி முதலில் கண்ணில் படும்.

இந்தப் பயணங்கள் பிறகு வழக்கமாகிவிட்டன. டேவ் புரூபெக் குழு 1958-இல் போலந்தில் தொடங்கி இந்தியா, இலங்கை, ஈராக் வரை வந்தது. 1963-இல் டியூக் எலிங்டன் வந்தார். இவற்றில் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கதையிடம்தான் நாம் அதிகம் நிற்க வேண்டும்.

ஆம்ஸ்ட்ராங்கை அப்போது கறுப்பின இளைஞர்கள் பலருக்குப் பிடிக்காது. வெள்ளையருக்குப் பல்லைக் காட்டுகிறவர் என்று சொன்னார்கள். 1956-இல் அவர் அக்ராவுக்குப் போனார். அது அரசு அனுப்பிய பயணம்கூட அல்ல, ஒரு தொலைக்காட்சிப் படப்பிடிப்புக்காக ஏற்பாடானது. விடுதலைக்கு முந்தைய கோல்ட் கோஸ்ட், பிரதமர் குவாமே இங்க்ரூமா. திறந்தவெளியில் ஒரு லட்சம் பேர் வரை திரண்டதாகச் சொல்வார்கள். தன் முன்னோர் இந்த மண்ணிலிருந்து போனவர்கள் என்று ஆம்ஸ்ட்ராங் உணர்ந்து சொன்ன பயணம் அது. அதே ஆண்டில் அவர் பிறந்த லூசியானா மாநிலம், கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் சேர்ந்து நிகழ்ச்சி நடத்தக் கூடாது என்று சட்டம் போட்டது. அவருடைய குழு கலப்புக் குழு. ஆகவே பிறந்த ஊரான நியூ ஆர்லியன்ஸில் அவரால் வாசிக்க முடியவில்லை. 1965-இல்தான் மறுபடி அங்கே வாசித்தார். உலகம் முழுக்க அமெரிக்காவின் முகம். சொந்த ஊர் மேடையில் இடமில்லை.

1957 செப்டம்பரில் அர்க்கன்சா மாநிலம் லிட்டில் ராக்கில், உயர்நிலைப் பள்ளிக்குப் போன ஒன்பது கறுப்பினப் பிள்ளைகளை ஆளுநர் படையை நிறுத்தித் தடுத்தார். ஆம்ஸ்ட்ராங் அப்போது சோவியத் நாட்டுக்கு அரசு சார்பில் போவதாகப் பேச்சு இருந்தது. வட டக்கோட்டாவில் ஒரு சிறு ஊரில் கச்சேரிக்குப் போயிருந்தவரிடம் இளம் நிருபர் ஒருவர் இதைக் கேட்டார். ஆளுநரையும் விடவில்லை, அதிபர் ஐசனோவரையும் விடவில்லை. அந்த மனிதருக்குத் துணிச்சல் இல்லை, தெற்கில் என் மக்களை நடத்தும் விதத்தைப் பார்த்தால் இந்த அரசு நரகத்துக்குப் போகட்டும் என்கிற அளவுக்குப் பேசினார். சோவியத் நாட்டு மக்கள் உங்கள் நாட்டில் என்ன நடக்கிறது என்று கேட்டால் நான் என்ன சொல்ல முடியும் என்று கேட்டுப் பயணத்தைக் கைவிட்டார். சில நாட்களில் ஐசனோவர் ராணுவத்தை அனுப்பிப் பிள்ளைகளைப் பள்ளிக்குள் அழைத்துப் போக வைத்தார். ஒரு பாடகர் பேசியதால்தான் அது நடந்தது என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் தூதன் தூதைத் திருப்பிக் கொடுத்தால் அனுப்பியவருக்கு வலிக்கும் என்பது அன்று தெரிந்தது.

அதே ஆம்ஸ்ட்ராங் 1960-இல் வெளியுறவுத் துறையின் ஏற்பாட்டில் ஆப்பிரிக்கா போனார். காங்கோவில் அவரைப் பல்லக்கில் சுமந்து கொண்டாடினார்கள். லியோபோல்ட்வில்லில் அவர் பாடிய நாட்களில், மக்கள் தேர்ந்தெடுத்த பிரதமர் பாத்ரீஸ் லுமும்பா அதே நகரத்தில் வீட்டுக்காவலில் இருந்தார். 1961 ஜனவரியில் லுமும்பா கொல்லப்பட்டார். லுமும்பாவை ஒழிக்க அமெரிக்க உளவுத்துறை போட்ட திட்டங்கள் பின்னர் அந்நாட்டு செனட் விசாரணையிலேயே வெளிவந்தன. ஆம்ஸ்ட்ராங் குற்றவாளி அல்ல. ஆனால் எக்காளச் சத்தம் எதையெல்லாம் மூடப் பயன்படும் என்று தெரிந்துகொள்ள இதைவிட வேறு சான்று வேண்டாம்.

அனுப்பப்பட்டவர்கள் கதை இது. அனுப்பப்படாதவர் கதையும் உண்டு. பால் ராப்சனும் கறுப்பினப் பாடகர், உலகப்புகழ் பெற்றவர். வெளிநாட்டு மேடைகளில் நிறவெறியைப் பற்றிப் பேசினார் என்பதற்காக 1950-இல் அவருடைய கடவுச்சீட்டைப் பறித்தார்கள். 1957-இல் அவர் நியூயார்க்கில் இருந்தபடியே அட்லாண்டிக் கடலடித் தொலைபேசி வழியாக லண்டன் அரங்கத்துக்குப் பாடினார். வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்களுக்கும் அப்படியே பாடினார். 1958-இல் அவருடைய 60-ஆம் பிறந்தநாளை இந்தியாவில் கொண்டாட நேரு ஆதரவு தந்தார், அமெரிக்கத் தரப்பு அதைத் தடுக்கப் பார்த்தது. அந்த ஆண்டுதான் உச்சநீதிமன்றத் தீர்ப்பால் கடவுச்சீட்டு திரும்பக் கிடைத்தது. ராப்சனைப் போற்றிய நம் நாட்டு அரசை நாம் பாராட்டலாம். அடுத்த வீட்டு ஒடுக்கப்பட்டவரைக் கொண்டாடுவது எப்போதுமே சுலபம்.

நம் வீட்டுக்கு வருவோம். 1950-இல் மௌலானா ஆசாத் முன்முயற்சியில் பண்பாட்டு உறவுகளுக்கான இந்தியக் கவுன்சில் தொடங்கப்பட்டது. எண்பதுகளில் பிரிட்டன், பிரான்ஸ், அமெரிக்கா, சோவியத் நாடு என்று வரிசையாக இந்திய விழாக்கள் நடந்தன. 1985-இல் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனம் நடத்திய மேளாவில், டெல்லி ஷாதிப்பூர் டிப்போ அருகில் குடிசைகளில் வாழ்ந்த பொம்மலாட்டக்காரர்கள், வித்தைக்காரர்கள், கழைக்கூத்தாடிகள் நிகழ்ச்சி நடத்தினார்கள். கட்புத்லி காலனி என்று பெயர் பெற்ற இடம் அது.

அவர்கள் வாஷிங்டனில் இந்தியப் பண்பாட்டின் தூதர்கள். டெல்லித் தெருவில்? 1959-ஆம் ஆண்டின் பம்பாய் பிச்சையெடுத்தல் தடைச் சட்டம் டெல்லியிலும் நடைமுறையில் இருந்தது. தெருவில் பாடி, ஆடி, வித்தை காட்டிக் காசு வாங்குவதும் அந்தச் சட்டத்தின்படி பிச்சைதான்; பிடித்துக் காப்பகத்தில் அடைக்கலாம். அமெரிக்கத் தலைநகரில் கைதட்டல் வாங்கிய அதே வித்தை இந்தியத் தலைநகரில் குற்றம். இதன் முக்கியப் பிரிவுகளை டெல்லி உயர்நீதிமன்றம் 2018-இல்தான் செல்லாது என்றது. அதற்கு முந்தைய ஆண்டு, மறுகட்டுமானம் என்று சொல்லி கட்புத்லி காலனியை இடித்து முடித்திருந்தார்கள். நாட்டுப்புறக் கலை என்று அரசு சொல்லும்போது கலையை எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிடுகிறது. பறையை எத்தனையோ விழா மேடைகளில் ஏற்றியாகிவிட்டது. சாவுக்கு அடிக்க மாட்டேன் என்று சொன்ன பறையடிப்பவருக்கு ஊரில் என்ன நடக்கும் என்பதை அந்த மேடை அறிவிப்பாளர் சொல்வதில்லை.

அப்படியானால் அரசின் அழைப்பை மறுத்துவிட வேண்டுமா? நாம் அப்படி நினைக்கவில்லை. கில்லெஸ்பி போனார், போய் வேலியைத் திறக்க வைத்தார். ஆனால் அரசுகள் வரும்வரை நம் முன்னோர் காத்திருக்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் கர்னல் ஆல்காட்டோடு கொழும்பு சென்று, சுமங்கல நாயக்க தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். திரும்பி வந்து சென்னை ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். அதன் கிளைகள் கோலார் தங்கவயலிலும் ரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் முளைத்தன. கூலிகளாகக் கப்பல் ஏறிய மக்கள் வழியே ஒரு சர்வதேசம் உருவாயிற்று. எந்தத் தூதரகமும் அதற்கு முத்திரை குத்தவில்லை. 1972-இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் என்று பெயர் வைத்த இளைஞர்களும் அமெரிக்கக் கறுஞ்சிறுத்தைகளின் செய்தியைத் தாங்களாகவே படித்து எடுத்துக்கொண்டவர்கள்தான்.

1946-இல் அண்ணல் அம்பேத்கர் கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பர்கள் ஐக்கிய நாடுகள் சபைக்கு மனு அளித்திருப்பதாகப் பத்திரிகையில் பார்த்ததையும், இந்தியாவின் தீண்டத்தகாதோரும் அப்படிச் செய்ய எண்ணுவதையும் சொல்லி, அந்த மனுவில் இரண்டு மூன்று பிரதிகள் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். ஜூலை 31 தேதியிட்டு டு பாய்ஸ் அன்போடு பதில் எழுதினார். இரண்டு அரசுகளும் அறியாமல் இரண்டு மக்கள் பேசிக்கொண்ட பேச்சு அது. நாம் பண்பாட்டுப் பரிமாற்றம் என்று சொல்லும்போது முதலில் நினைவுக்கு வர வேண்டியது இந்தக் கடிதங்கள்தான்.

அம்பேத்கர் நினைத்த மனு அன்று போகவில்லை. 2001-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நிறவெறிக்கு எதிரான ஐ.நா. உலக மாநாடு நடந்தபோது, நம் தோழர்கள் பறையோடும் பதாகைகளோடும் அங்கே போனார்கள். சாதியை அந்த மாநாட்டுத் தீர்மானத்தில் சேர்க்கக் கூடாது, அது உள்நாட்டு விஷயம், அது இனம் அல்ல என்று இந்திய அரசு பிடிவாதமாக நின்றது; சேர்க்கவும் இல்லை. ஆனால் அடுத்த ஆண்டு, இனப் பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு, உடன்படிக்கையில் உள்ள வம்சாவளி என்ற சொல்லுக்குள் சாதியும் அடங்கும் என்று தன் 29-ஆவது பொதுப் பரிந்துரையில் எழுதியது. 1965-இல் அந்த உடன்படிக்கை வரையப்பட்டபோது வம்சாவளி என்ற அந்தச் சொல்லைச் சேர்க்கச் சொன்ன நாடு இந்தியாதான்.