210 சுற்றுகள்



எமது பள்ளித் திடலை ஒருமுறை சுற்றி வந்தால் 200 மீட்டர் ஆகும். குறுக்கோட்டப் பயிற்சியின்போது ஐந்து சுற்று முடிந்ததுமே, "கால் வலிக்கிறது ஐயா" என்று புல்தரையில் அமர்ந்துவிடும் மாணவர்களை நாம் ஆண்டுதோறும் கண்டு வருகிறோம். அவர்களைக் குறை கூறுவதற்காக இதனை எழுதவில்லை. அதே திடலை ஒரே நாளில் 210 சுற்று ஓட வேண்டும், மறுநாளும் அவ்வாறே ஓட வேண்டும், அதுவும் ஒரு காலை இழந்த நிலையில் ஓட வேண்டும் என்றால் எப்படியிருக்கும் என்று சற்றே எண்ணிப் பாருங்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 42 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்னும் இலக்குடன் 143 நாள்கள் ஓடினார் ஓர் இளைஞர். அவர் பெயர் டெரி பாக்ஸ். நாடு கனடா. ஆண்டு 1980.

டெரி 1958-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 28-ஆம் நாள் வின்னிப்பெக் நகரில் பிறந்தார்; வளர்ந்தது பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்துப் போர்ட் கொகிட்லம் என்னும் ஊரில். பள்ளிப் பருவத்தில் அவர் உயரம் குறைந்தவர். கூடைப்பந்து விளையாட ஆசைப்பட்டார். பயிற்றுநரோ, "உனக்குக் குறுக்கோட்டமே ஏற்றது" என்று சொல்லிவிட்டார். பையன் விடவில்லை. விடியற்காலையில் எழுந்து பந்தைத் தட்டித் தட்டிப் பழகினார். பள்ளிப் படிப்பு முடியும்போது, சிறந்த விளையாட்டாளருக்குரிய விருதைத் தம் நண்பர் டக் ஆல்வர்டுடன் பகிர்ந்துகொண்டார். விளையாட்டு ஆசிரியராக வேண்டும் என்பதே அவர் விருப்பம். அதற்கெனப் பல்கலைக்கழகமும் புகுந்தார்.

1976-ஆம் ஆண்டு இறுதியில் அவருடைய வலது முழங்கால் வலிக்கத் தொடங்கியது. கூடைப்பந்துப் பருவம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று பொறுத்துக்கொண்டார். 1977 மார்ச்சில் வலி தாங்கவொண்ணாததாகி மருத்துவமனைக்குச் சென்றபோது, அது எலும்புப் புற்றுநோய் எனத் தெரிந்தது. மார்ச் 9-ஆம் நாள் முழங்காலுக்கு மேலே கால் வெட்டி அகற்றப்பட்டது. அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

இந்நோயைப் பற்றிச் சிறிது விளக்குதல் வேண்டும். ஆஸ்டியோசார்கோமா எனப்படும் இப்புற்றுநோய், எலும்பு விரைந்து வளரும் பருவத்தில், பெரும்பாலும் முழங்காலை ஒட்டித் தோன்றுவது. நோயுற்ற அணுக்கள் சில இரத்தத்தின் வழியே நுரையீரலுக்குச் சென்று, எந்தப் படத்திலும் தெரியாதபடி மறைந்திருக்கும். ஆகவேதான் முற்காலத்தில் காலை அகற்றிய பின்னரும் பெரும்பாலோர் இறந்துபோயினர். ஒளிந்திருக்கும் அணுக்களைத் துரத்திச் சென்று அழிக்கும் மருந்துகள் கண்டறியப்பட்ட பின்னரே நிலைமை மாறலாயிற்று. அம்மருந்துகள் கடுமையானவை. தலைமுடி உதிரும், உண்டது தங்காது. டெரி அவற்றைப் பதினாறு மாதங்கள் ஏற்றுக்கொண்டார்.

மருத்துவர்கள் அவரிடம் ஒரு கணக்கைச் சொன்னார்கள். அவர் பிழைப்பதற்கு நூற்றுக்கு ஐம்பது பங்கு வாய்ப்புண்டு; இதே நோய் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வந்திருந்தால் அவ்வாய்ப்பு நூற்றுக்குப் பதினைந்துதான். நம்மில் ஒருவராக இருந்தால் ஐம்பதை நினைத்து மகிழ்வோம், அல்லது மற்றை ஐம்பதை நினைத்துக் கலங்குவோம். டெரியோ இரண்டுக்கும் இடைப்பட்ட முப்பத்தைந்தை எண்ணினார். அந்த முப்பத்தைந்து எங்கிருந்து வந்தது? யாரோ சிலர் ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து உழைத்ததனால் வந்தது. அவர்களுக்குக் கருவியும் ஊதியமும் கிடைக்க எவரோ பணம் கொடுத்ததனால் வந்தது. புற்றுநோய்ப் பிரிவில் தம்முடன் படுத்திருந்த சிறுவர் பலர் பிழைக்காமல் போனதை அவர் கண்ணாரக் கண்டவர். தாம் நலமாகி வீடு திரும்பியதும் அதனை மறந்துவிட அவரால் முடியவில்லை.

அறுவை சிகிச்சைக்கு முன்னாள் இரவு, அவருடைய பழைய பயிற்றுநர் ஓர் இதழைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். ஒரு கால் இழந்த ஒருவர் நியூயார்க் நெடுந்தொலை ஓட்டத்தை ஓடி முடித்த செய்தி அதில் இருந்தது. அந்த விதை உள்ளே கிடந்தது. 1979-இல் அவர் பயிற்சியைத் தொடங்கினார். பதினான்கு மாதங்களில் 5,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடினார். அவ்வாண்டு செப்டம்பரில் ஒரு பந்தயத்திலும் கலந்துகொண்டு கடைசியாக வந்தார். அக்டோபரில் கனடியப் புற்றுநோய்ச் சங்கத்துக்குக் கடிதம் எழுதி, நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரை வரை ஓடி ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட விரும்புவதாகத் தெரிவித்தார்.

1980 ஏப்ரல் 12-ஆம் நாள், நியூபவுண்ட்லாந்துத் தீவின் செயின்ட் ஜான்ஸ் நகரில், தம் செயற்கைக்காலை அட்லாண்டிக் கடலில் நனைத்துவிட்டு ஓடத் தொடங்கினார். இரண்டு புட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொண்டார். ஒன்று நினைவுக்கு, மற்றொன்று மேற்குக் கரையில் பசிபிக் கடலில் ஊற்றுவதற்கு. நண்பர் டக் ஒரு வேனை ஓட்டிக்கொண்டு உடன் சென்றார்.

அக்காலத்துச் செயற்கைக்கால் ஓடுவதற்காகச் செய்யப்பட்டதன்று. ஓர் அடி வைத்தபின் அது மீண்டும் முன்னே வந்து நிலைகொள்ளச் சற்று நேரம் பிடிக்கும். அந்நேரத்தை ஈடுசெய்ய, நல்ல காலால் இருமுறை துள்ளி, பிறகு செயற்கைக்காலை ஊன்றுவார். துள்ளல், துள்ளல், ஊன்றல். வெட்டுண்ட காலின் முனை உராய்ந்து புண்ணாகும், இரத்தமும் கசியும். தொடக்கத்தில் பனியும் காற்றும் மழையும் வருத்தின. நண்பருடனும் மனத்தாங்கல் ஏற்பட்டு, இருவரும் பேசிக்கொள்வதே அரிதாயிற்று. பதினேழு வயதுத் தம்பி வந்து சேர்ந்த பிறகே வேனுக்குள் அமைதி திரும்பியது. மாவீரர் என்று நாம் போற்றுவோரும் களைத்தால் சினங்கொள்ளும் மனிதரே!

பல ஊர்களில் அவரை யாரும் அறியவில்லை. ஆயினும், பத்தாயிரம் பேர் வாழ்ந்த போர்ட் ஓ பாஸ்க் என்னும் சிற்றூர் பத்தாயிரம் டாலருக்கு மேல் கொடுத்தது. ஆளுக்கு ஒரு டாலர்! அதன்பின் அவர் கனடியர் ஒவ்வொருவரிடமும் ஒரு டாலர் கேட்கலானார். ஒன்டாரியோ மாநிலத்தை அடைந்ததும் கூட்டம் பெருகியது. டொரொண்டோ நகரச் சதுக்கத்தில் மட்டும் பத்தாயிரம் பேர் திரண்டனர். தம் பெயரைப் பொருள் விற்பனைக்குப் பயன்படுத்த எந்த நிறுவனத்தையும் அவர் விடவில்லை. வழியில், இதே நோயால் காலை இழந்த பத்து வயதுச் சிறுவன் ஒருவன் மிதிவண்டியில் அவரைப் பின்தொடர்ந்து சென்றான். அந்த நாளைத் தம் பயணத்தின் மிகச் சிறந்த நாள்களில் ஒன்றாக டெரி கருதினார்.

செப்டம்பர் முதல் நாள், தண்டர் பே நகருக்கு அருகில் இருமலும் நெஞ்சுவலியும் அவரைப் பற்றின. சாலையோரம் மக்கள் நின்று வாழ்த்தொலி எழுப்பியவண்ணம் இருந்தமையால், அவர்களைக் கடக்கும்வரை ஓடினார். அதன் பின்னரே வேனில் ஏறி மருத்துவரிடம் கொண்டுசெல்லச் சொன்னார். புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. அதுவரை அவர் ஓடிய தொலைவு 5,373 கிலோமீட்டர். நம் நாட்டில் ஜொகூர் பாருவிலிருந்து புக்கிட் காயு ஈத்தாம் வரையுள்ள நெடுஞ்சாலையை ஏறத்தாழ ஏழு தடவை ஓடியதற்கு இது சமம். எஞ்சிய தொலைவைத் தாங்கள் ஓடி முடிப்பதாகப் பிறர் முன்வந்தனர். அவர் ஒப்பவில்லை; தாமே வந்து முடிப்பதாகக் கூறினார்.

1981 பிப்ரவரிக்குள் சேர்ந்த நிதி 2 கோடியே 41 இலட்சம் டாலர். அன்று கனடாவின் மக்கள்தொகையும் ஏறக்குறைய அவ்வளவே. அவ்வாண்டு சூன் 28-ஆம் நாள், இருபத்து மூன்றாம் பிறந்த நாளுக்கு ஒரு திங்கள் இருக்கையில், டெரி காலமானார்.

இந்த இடத்தில் பெற்றோர்களிடம் ஒன்று பேச வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் எம்மிடம் பயின்ற மாணவன் ஒருவனுக்கு முழங்காலில் வீக்கம் கண்டது. பந்து விளையாடி அடிபட்டிருக்கும் என்றே நாமும் நினைத்தோம். வீட்டில் எண்ணெய் தேய்த்து உருவிவிட்டார்கள். இரவில் வலியால் தூங்காமல் அழுகிறான் என்று அவன் தாயார் பால்வெட்டுக்குச் செல்லும் வழியில் எம்மிடம் சொன்னபோதும், "சுளுக்குத்தான் அம்மா, சரியாகிவிடும்" என்று விடை கூறி அனுப்பியவர் நாமே. இவ்வாறு மூன்று மாதங்கள் கழிந்தன. அவன் இடைநிலைப் பள்ளிக்குச் செல்லவில்லை. முன்னரே மருத்துவரிடம் காட்டியிருந்தால் பிழைத்திருப்பான் என்று எவரும் எம்மிடம் உறுதி கூறவில்லை. ஆயினும் அந்த மூன்று மாதங்களை நாம் மறந்தோமில்லை. பிள்ளைகளின் கைகால் வலி பெரும்பாலும் அடிபட்ட வலியே, அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் சில வாரங்களாகியும் தணியாத வலி, இரவில் எழுப்பிவிடும் வலி, வளர்ந்துகொண்டே வரும் வீக்கம் ஆகியவற்றை உருவிவிடாதீர்கள். ஒருநாள் கூலி போனாலும் போகட்டும். பிள்ளையை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, படம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்று இந்நோயாளர் பெரும்பாலோருக்குக் கால் முழுவதையும் அகற்றுவதில்லை. முதலில் மருந்தால் கட்டியைச் சுருக்கி, நோயுற்ற எலும்பை மட்டும் எடுத்துவிட்டு, உலோகத்தைப் பொருத்துகிறார்கள். பரவுமுன் கண்டுபிடிக்கப்பட்டால் மூவரில் இருவரளவில் பிழைக்கின்றனர்.

1981 செப்டம்பரில் டெரியின் பெயரால் முதல் ஓட்டம் நடந்தது. மூன்று இலட்சம் பேர் கலந்துகொண்டனர். பின்னர் அது பல நாடுகளுக்கும் பரவியது. இன்றுவரை அவர் பெயரால் ஆராய்ச்சிக்குத் திரண்ட தொகை 85 கோடி டாலருக்கும் மேல். அவ்வோட்டத்தில் போட்டி கூடாது என்பது டெரி விதித்த நிபந்தனை. ஓடலாம், நடக்கலாம், சக்கர நாற்காலியிலும் வரலாம்.

கோலாலம்பூரிலும் இவ்வோட்டம் நடைபெற்றதுண்டு. ஒருமுறை எமது மாணவர் சிலரை அழைத்துச் சென்றோம். ஓடி முடித்ததும் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் மூச்சிரைக்க வந்து, "நான் எத்தனையாவது ஐயா?" என்று கேட்டான். எண்ணுவதற்கு அங்கே எவரும் இல்லை. இருபத்தைந்து ஆண்டுகளாக முதலாவது, இரண்டாவது என்று எழுதிப் பழகிய எமக்கும் கையில் பேனாவை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.